ஊர் கூடினால்தான் ஆளுக்குப் பலம்!

"மக்கள் பங்கேற்பு", "சமூக ஒற்றுமை", "தனிநபருக்கு அதிகாரம்" என்ற சொற்கள் இன்று தாராளமாகப் புழங்குகின்றன. சர்க்கார் நோட்டீஸ்களில் இவை இருக்கின்றன. பெரிய கம்பெனிகளின் தர்மக் கணக்கு விளம்பரங்களில் இருக்கின்றன. "உன் வாழ்க்கை உன் கையில், உன்னை நீ நம்பு, உயர்ந்து விடுவாய்" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு போதிக்கும் வகுப்புகள் தியாகராய நகரிலும் அடையாறிலும் நாள் தவறாமல் நடக்கின்றன.

தன்னம்பிக்கை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பாளி மக்களைப் போலத் தன்னம்பிக்கை உள்ளவர்கள் வேறு யார்? விடிவதற்கு முன் எழுந்து மீன் கூடையைச் சுமக்கும் பெண்ணுக்குத் தன்னம்பிக்கையைக் கற்றுக்கொடுக்க எந்தப் பண்டிதரும் தேவையில்லை. ஆனால் அவளுடைய தன்னம்பிக்கை அவளுக்கு உரிமையாக மாறுவது எப்போது? இதுதான் கேள்வி. தனி ஆளின் பலம் அவன் மனதுக்குள் மட்டும் பிறக்கிறதா? அல்லது அவனைச் சுற்றி நிற்கும் தெருவில், கூடத்தில், சங்கத்தில் பிறக்கிறதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வெகு தூரம் போக வேண்டியதில்லை. தென் சென்னையிலேயே, ஒன்றுக்கொன்று பஸ் தூரத்தில், பதில்கள் கிடக்கின்றன.

சட்டத்தில் நாற்காலி, கடையில் நிற்பு

முதலில் தியாகராய நகர். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் ரோட்டுக்கு வந்தால், மாடி மேல் மாடியாக ஜவுளிக் கடைகள். அங்கே புடவையை விரித்துக் காட்டும் பெண்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். கடைக்காரர் ஏற்பாடு செய்த விடுதியில் படுக்கை, கடைக்காரர் போடும் சாப்பாடு, காலை முதல் இரவு வரை நின்றபடி வேலை. கால் வீக்கம், நரம்பு சுருளல், இடுப்பு வலி ஆகியவை இந்தத் தொழிலின் கூலியோடு சேர்ந்து வருபவை.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டசபை ஒரு நல்ல காரியம் செய்தது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்பது அதன் சாரம். கேரளத்தில் இதே உரிமை 2018லேயே சட்டமாயிற்று. அங்கே அது எப்படி வந்தது? கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்கள் "பெண்கூட்டு" என்ற ஸ்தாபனத்தை அமைத்தார்கள். கழிப்பிடம் வேண்டும், உட்கார வேண்டும் என்று தெருவில் நின்று பல வருஷம் கேட்டார்கள். சட்டம் அந்தக் குரலுக்குப் பின்னால் வந்தது.

நம் ஊரில் சட்டம் வந்துவிட்டது. குரல்தான் இன்னும் கூடவில்லை. விளைவு என்ன? கடை கடையாகச் சென்று பாருங்கள். நாற்காலி போட்டிருக்கும் இடமும் உண்டு. போட்டிருந்தும் உட்காரத் துணியாத இடமும் உண்டு. நாற்காலியே கண்ணில் படாத இடமும் உண்டு. உட்காரும் உரிமை தனக்கு இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தாலும் என்ன செய்வாள்? அவள் ஒருத்தி உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் கண் அவள் மேல்தான் விழும். அவள் வேலை போனால் அன்று இரவே விடுதிப் படுக்கையும் போகும். பக்கத்தில் நிற்பவள் வேறு ஜில்லா; அடுத்த தீபாவளிக்கு இருப்பாளோ, போய் விடுவாளோ தெரியாது. அவர்கள் கூடிப் பேச ஓர் இடம் கிடையாது, நேரமும் கிடையாது.

பத்துப் பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் உட்கார்ந்தால்? அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் உள்ள நாற்காலி கடைக்குள் வந்து சேரும். சட்டம் உரிமையை எழுதி வைக்கிறது. அதை எடுத்துக் கையாளும் துணிவு, பக்கத்தில் நிற்பவர்களிடமிருந்து வருகிறது.

படகுகள் ரோட்டுக்கு வந்த கதை

இனி மயிலாப்பூர்க் கடற்கரைக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை செல்லும் லூப் ரோட்டின் ஓரத்தில் நொச்சிக்குப்பம் முதலான மீனவர் குப்பங்கள் இருக்கின்றன. ரோடு பின்னால் வந்தது. குப்பம் முன்னாலேயே இருந்தது. ஆண்கள் கொண்டு வரும் மீனைப் பெண்கள் அங்கேயே ரோட்டோரத்தில் விற்பது வழக்கம்.

சாந்தோம் நெரிசலிலிருந்து தப்பிக்க மோட்டார்கள் இந்த ரோட்டில் பாயத் தொடங்கியதும், மீன் கடை "ஆக்கிரமிப்பு" ஆகிவிட்டது. 2023 ஏப்ரலில் ஹைகோர்ட் இதைத் தானாகவே வழக்காக எடுத்துக் கொண்டது. கடைகளை அகற்ற உத்தரவு பிறந்தது. கார்ப்பரேஷன் ஆட்களும் போலீசும் வந்து கடைகளை அப்புறப்படுத்தினார்கள்.

தனித்தனி வியாபாரியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஒவ்வொருத்தியும் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு மூலை தேடிப் போயிருப்பாள். ஆனால் குப்பம் கூடியது. பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். படகுகளையும் வலைகளையும் ரோட்டின் குறுக்கே இழுத்துப் போட்டார்கள். "நாங்கள் ரோட்டை ஆக்கிரமிக்கவில்லை, ரோடுதான் எங்கள் கரையை ஆக்கிரமித்தது" என்பதே அவர்கள் வாதம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையில் மீனவர்களுக்குள்ள பாதுகாப்பையும் எடுத்துக் காட்டினார்கள்.

சில நாட்களில் நிலைமை மாறிற்று. புதிய மார்க்கெட் கட்டி முடியும் வரை போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒழுங்குபடுத்தி விற்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளுடன் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. எல்லாப் பிரச்னையும் தீர்ந்ததா? இல்லை. கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்ற பெயரில் கரையைக் கொண்டு போக நினைப்பவர்கள் ஓயவில்லை. ஆனால் ஒரு விஷயம் ஊர்ஜிதமாயிற்று. அந்தப் பெண்களைக் கேட்காமல் அங்கே இனி ஒரு கல்லைக்கூட எளிதில் நட முடியாது.

இந்தப் பலம் ஒரே நாளில் வந்ததல்ல. 1985ல் மெரினாவிலிருந்து படகுகளையும் வலைகளையும் அகற்ற சர்க்கார் முனைந்தபோது குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்தார்கள். 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் கூடியிருந்த இளைஞர்கள் விரட்டப்பட்டபோது, ஓடி வந்தவர்களுக்குப் புகலிடம் கொடுத்தது நடுக்குப்பம். அதற்கு அவர்கள் கொடுத்த விலை எரிந்துபோன மீன் மார்க்கெட். முன்பின் தெரியாதவனுக்குக் கதவைத் திறந்த அந்த மக்களைவிட சமூக ஒற்றுமை பற்றிப் பாடம் நடத்த யாருக்கு யோக்கியதை உண்டு? 1923 மே 1 அன்று இந்நாட்டின் முதல் மே தினத்தை இதே கடற்கரையில் கொண்டாடிய சிங்காரவேலர், அயோத்தியாகுப்பத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

வேரைப் பிடுங்கினால்

ஒற்றுமை பலம் தரும் என்பதற்கு இது ஒரு புறம். ஒற்றுமையைக் கலைத்தால் பலம் போகும் என்பதற்கு மறுபுறம் பாருங்கள்.

1970ல் குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டபோது, மக்கள் குடியிருக்கும் இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டித் தருவதுதான் முக்கிய வேலையாக இருந்தது. வாரியத்தின் ஆரம்பக் காலக் குடியிருப்புகள் கடற்கரை ஓரத்திலேயே எழுந்தன. பின்னால் நிலத்தின் விலை ஏறிற்று, கொள்கை மாறிற்று. 2000த்தில் தொடங்கி கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று ஏழைகளை ஊருக்கு வெளியே குவித்தார்கள். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அனுப்பப்பட்டன.

வீடு கொடுத்தோமே, இன்னும் என்ன குறை என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். குறை என்ன என்று நாம் சொல்கிறோம். மந்தைவெளியில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து வந்த பெண்ணுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவி பிள்ளையைப் பார்த்துக் கொண்டாள். கைமாற்றாக இருநூறு ரூபாய் தர ஆள் இருந்தது. குடித்துவிட்டுக் கை ஓங்கும் புருஷனைத் தடுக்க அண்ணனும் மாமனும் அதே சந்தில் இருந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அவள் பிள்ளையின் பேர் தெரியும். ரேஷன் கடையில் தகராறு என்றால் பத்துப் பேர் கூட வருவார்கள். இவை எந்தக் கணக்கிலும் ஏறாத சொத்து. ஏழைக்கு உள்ள ஒரே சொத்து! குலுக்கல் சீட்டில் பிளாக் ஒதுக்கி, ஒரு சந்து மக்களை எட்டு மாடிக் கட்டடங்களில் திசைக்கொன்றாகச் சிதறடித்தபோது, இந்தச் சொத்து முழுவதும் பறிமுதல் ஆயிற்று. மந்தைவெளி வேலைக்கு வர பஸ்ஸில் போக வர நாளில் பாதி போகிறது, வேலையும் போகிறது. நேற்று வரை எதற்கும் துணிந்து பேசிய பெண், இன்று லிப்ட் ஓடவில்லை என்று சொல்லக்கூட யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறாள். அவளுடைய மனம் மாறிவிட்டதா? இல்லை. அவள் காலடியில் இருந்த தெரு போய்விட்டது!

2022ல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்ததை மறக்க முடியுமா? பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. மே 8 அன்று அங்கே குடியிருந்த ஒரு முதியவர் தன் உடலில் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். அதற்குப் பிறகே, மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரத்திலேயே மாற்று வீடு கொடுப்போம், இனி மக்களைக் கலந்து பேசி முடிவு செய்வோம் என்று சட்டசபையில் உறுதி தரப்பட்டது. நாம் கேட்கிறோம்: கலந்து பேசுவதற்கு ஓர் உயிர் விலையா? முதலிலேயே கேட்டிருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

எந்த ஒற்றுமை? யாருக்காக?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒற்றுமை என்றாலே நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நாம் கும்பிடவில்லை.

ஜாதிச் சங்கத்திலும் ஒற்றுமை உண்டு. வாடகைக்கு வீடு கேட்டு வருபவனிடம் முதலில் ஜாதியை விசாரிக்கும் தெருவிலும் ஒற்றுமை உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண் லிப்டில் ஏறக்கூடாது என்று தீர்மானம் போடும் மாடி வீட்டுச் சங்கத்தின் ஒற்றுமையும் ஒற்றுமைதான். இது கதவை அடைத்துக் கொள்ளும் ஒற்றுமை. உள்ளே இருப்பவனுக்கு இறுமாப்பையும், வெளியே இருப்பவனுக்கு அவமானத்தையும் தருவது.

குப்பத்திலும் குறை இருக்கிறது. போராட்டத்தில் முன்னால் உட்காருவது பெண்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடும்போது முடிவு சொல்வது பெரும்பாலும் ஆண்கள். அடி வாங்க உரிமை உண்டு, அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லை என்றால் அது அரை ஒற்றுமை.

மூன்றாவது ஒரு மோசடி இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவின. பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள், கணக்குப் பார்த்தார்கள், பாங்கு வாசல் ஏறினார்கள். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் குழு ஒற்றுமையை நுண்கடன் கம்பெனிகள் மோப்பம் பிடித்துவிட்டன. அடமானம் வைக்க நகை இல்லாத பெண்ணிடம் அக்கம்பக்கத்து உறவையே அடமானமாக வாங்கினார்கள். ஒருத்தி தவணை தவறினால் மற்ற பெண்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். தோழியாக இருந்தவள் தண்டல்காரியாக மாறுகிறாள்! வசூல் கொடுமை எந்த அளவுக்குப் போயிற்று என்றால், கட்டாய வசூலைத் தடுக்க 2025ல் சட்டசபை ஒரு தனிச் சட்டமே செய்ய வேண்டி வந்தது.

ஆகவே சோதனை இதுதான். அந்தக் கூட்டு யாருக்குப் பயன்படுகிறது? அதில் கடைசி வரிசையில் இருப்பவள் வாய் திறக்க முடிகிறதா? முடிந்தால் அது ஜனநாயக ஒற்றுமை. முடியாவிட்டால், பெயர் எதுவாயினும், அது இன்னொரு மூக்கணாங்கயிறு.

மாடி வீடும் குப்பமும்

மத்தியதர வர்க்கத்து வாசகர்கள் இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே கடற்கரை ஓரமாக உயர்மட்டச் சாலை போடும் திட்டம் 2009 வாக்கில் கிளம்பியபோது, பெசன்ட் நகர் வீட்டுக்காரர்களும் ஊரூர் குப்பம் முதலிய மீனவர் ஊர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஒருவருக்குக் கடற்கரைக் காற்று; மற்றவருக்குச் சோறு. காரணம் வேறானாலும் கோரிக்கை ஒன்றாயிற்று. அந்தச் சாலை எழும்பவில்லை. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமானபோது, அடையாறு பிரம்மஞான சபையிலிருந்து பெரம்பூர் ஆலைத் தொழிலாளிகளிடம் போய் நின்ற பி.பி.வாடியாவும் படித்த வர்க்கத்தவர்தானே! படித்தவனின் சட்ட அறிவும் உழைப்பவனின் எண்ணிக்கையும் சேர்ந்த இடத்தில்தான் சென்னை சரித்திரம் நகர்ந்திருக்கிறது.

பகுதி சபையைக் கைப்பற்றுவோம்

இப்போது நடைமுறைக்கு வருவோம். 1688ல் பிறந்தது என்று பெருமை பேசப்படும் சென்னை கார்ப்பரேஷனில், 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே கிடையாது. மறுபடி 2016 முதல் 2022 பிப்ரவரி வரை கிடையாது. இத்தனை வருஷம் அதிகாரிகளே மாநகரை ஆண்டார்கள். கவுன்சில் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: 1920ல் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார்ப்பரேஷன் செலவில் சிற்றுண்டி என்ற தீர்மானம் பிறந்தது இந்தக் கவுன்சிலில்தான். அப்போது தலைமையில் இருந்தவர் தியாகராயர், தி. நகர் தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான். பின்னால் மாநிலம் முழுவதும் பிள்ளைகள் பசியாறியதற்கு அது ஒரு வித்து.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993ல் அமலுக்கு வந்தது. வார்டு கமிட்டிகள் அமைக்க அது வழி செய்தது. நம் மாநிலத்தில் அதற்கு விதிகள் வந்தது 2022ல்! அதே வருஷம் நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. கவுன்சிலர் தலைமை, தெருவார் தங்கள் குறைகளைச் சொல்லலாம். சபைக்கான பிரதிநிதிகள் நியமனம் செய்யப்படுகிறார்களே தவிர, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் சபைக்கு இல்லை. கேரளத்தில் 1996ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் வரை ஸ்தல ஸ்தாபனங்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பணப்பெட்டியின் சாவி கையில் இருந்ததால் மக்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். இங்கே பெட்டியும் சாவியும் வேறிடத்தில். மக்களுக்கு நாற்காலி மட்டும்!

இதனால் பகுதி சபையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. குறையுள்ள ஆயுதம் என்றாலும் ஆயுதமே. நாம் ஒதுங்கினால் அங்கே காண்டிராக்டரும் கட்சிக்காரரின் மைத்துனரும் உட்காருவார்கள். இப்படிச் செய்வோம்:

ஒன்று: சபைக்கு முந்தின நாள் இரவு தெருவார் கூடி, குடிதண்ணீர், சாக்கடை, ரேஷன், தெருவிளக்கு என்று கோரிக்கைகளை ஒரே காகிதத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டுக் கொண்டு போக வேண்டும். தனித்தனி மனு குப்பைக் கூடைக்குப் போகும். கூட்டு மனு தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

இரண்டு: அதை வாசிக்கும் பொறுப்பை இதுவரை பேசாத ஒரு பெண்ணுக்கோ, துப்புரவுத் தொழிலாளிக்கோ கொடுக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் அவர் வேறு ஆளாக நிற்பார்.

மூன்று: சபைப் பிரதிநிதிகளை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும், வார்டு நிதியில் ஒரு பங்கைச் சபையே தீர்மானிக்க வேண்டும் என்று ஒவ்வொரு சபையிலும் தீர்மானம் கோர வேண்டும்.

நான்கு: குடியிருப்பை மாற்றுவதாக இருந்தால் அதே வட்டாரத்தில் மாற்று வீடு, அதே தெருவாருக்கு அதே பிளாக்கில் வீடு என்பதை விதியாக்கச் சொல்ல வேண்டும்.

ஐந்து: தி. நகர் கடை ஊழியர் விடுதிகளிலும், பாண்டி பஜார் நடைபாதை வியாபாரிகளிடமும் போக வேண்டும். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் கமிட்டியில் பத்தில் நான்கு பங்கு இடம் வியாபாரிகள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு என்பதையும், இருக்கைச் சட்டத்தையும் எளிய நோட்டீசாக அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

பங்குனி உற்சவத்தில் கபாலி கோயில் தேர் நாலு மாடவீதியும் சுற்றி வருகிறது. ஒருவன் எவ்வளவு பெரிய பலசாலியானாலும் அதை ஓர் அங்குலம் நகர்த்த முடியாது. வடத்தில் ஆயிரம் கை விழும்போது, நோஞ்சானின் கையும் தேரை இழுத்த கைதான். அவனும் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குப் போகிறான். முன்பு சிலருக்கு அந்த வடத்தைத் தொட உரிமை மறுக்கப்பட்ட ஊர்கள் இந்நாட்டில் எத்தனை! அந்தக் கதவுகளைத் திறந்ததும் கூடி நின்ற மக்கள்தான்.

வடத்தில் எல்லார் கையும் விழட்டும். தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதையும் இழுப்பவர்களே தீர்மானிக்கட்டும்!